கூலியும் சபாஷும்

“சபாஷ்” என்ற சொல் பிறப்பினால் தமிழ்ச் சொல் அன்று. பாரஸீக பாஷையில் “ஷாத் பாஷ்” என்று இரண்டு சொற்களாக இருந்து, பின்னர் ஒன்றாகச் சுருங்கி, இந்துஸ்தானியின் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது. “சந்தோஷமாய் இரு” என்பது அதன் பொருள். கச்சேரியில் மிருதங்க வித்வான் ஒரு தீர்மானத்தை முடித்தவுடன் சபையில் பத்துப் பேராவது இதைச் சொல்லாமல் இருப்பதில்லை. கிரிக்கெட் மைதானத்தில் சொல்கிறோம். பேரக் குழந்தை முதல் அடி எடுத்து வைத்தால் வீடு முழுவதும் கூடி நின்று சொல்கிறோம். ஆனால் நாள் முழுவதும் நமக்காக உழைக்கிறவர்களிடம் இந்தச் சொல்லை எத்தனை முறை சொல்லியிருக்கிறோம் என்று கணக்குப் பார்த்தால், பெரும்பாலோருக்கு ஒரு கை விரல்களே போதுமானவை.

வள்ளியூரில் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் இந்தப் பேச்சை எடுத்தேன்.

“அண்ணாச்சி, உங்கள் கடையில் கணக்கெழுதும் பிள்ளை இத்தனை வருஷமாக ஒரு காசு பிசகாமல் எழுதி வருகிறானே, அவனை ஒரு நாளாவது பாராட்டியதுண்டா?” என்று கேட்டேன்.

“ஸார்வாள், நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறீர்கள். மார்க்குப் போட்டால் உங்கள் வேலை முடிந்துவிடும். இங்கே ஒருவனைப் பார்த்து ‘நன்றாகச் செய்தாய்’ என்று சொல்லிவிட்டால், மறுநாள் காலையில் ‘சம்பளத்தைக் கூட்டித் தாருங்கள்’ என்று வந்து நிற்பான்!” என்றார் அவர்.

நண்பர் வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆயினும் அந்த வேடிக்கைக்குள் இரண்டு பெரிய கேள்விகள் அடங்கியிருக்கின்றன. பாராட்டினால் வேலை வளருமா என்பது ஒன்று. பாராட்டு, கூலிக்கு ஈடாகுமா என்பது மற்றொன்று. இன்று பெரிய கம்பெனிகள் “மாதத்தின் சிறந்த ஊழியர்” என்று படம் மாட்டுகின்றன, கேடயம் கொடுக்கின்றன, கைபேசியில் புள்ளிகள் வழங்குகின்றன, இதற்கென்றே தனி இலாகா வைத்து ஏராளமான பணம் செலவிடுகின்றன. இவையெல்லாம் எதற்கு, இவற்றால் பயன் உண்டா என்பதைச் சற்று நிதானமாக ஆராய்வது, முதலாளிகளுக்கு மட்டுமல்லாமல், வீட்டில் ஒரு வேலையாளை வைத்திருக்கும் நமக்கும் உபயோகமாக இருக்கும்.

கல்லில் வெட்டிய பெயர்கள்

ஊழியரைக் கௌரவிப்பது மேல்நாட்டாரிடமிருந்து நாம் கற்றுக்கொண்ட புதிய விஷயம் என்று சிலர் நினைக்கிறார்கள். அவர்கள் ஒரு முறை தஞ்சாவூர் பெரிய கோவிலுக்குப் போய்ச் சுவர்களைப் பார்த்துவிட்டு வரவேண்டும்.

அந்த ஆலயம் 1010-ம் வருஷத்தில் நிறைவு பெற்றது. ராஜராஜ சோழன் அதன் சுவர்களில் வெட்டுவித்த சாசனங்களில் தன் வெற்றிகளோடும் தானங்களோடும் நிற்கவில்லை. கோவில் கட்டிய தச்சன் குஞ்சரமல்லனுக்கு “ராஜராஜப் பெருந்தச்சன்” என்ற பட்டம். நாவிதருக்கும் “ராஜராஜப் பெருநாவிசன்” என்ற பட்டம்! தச்சனுக்கும் நாவிதருக்கும் சக்கரவர்த்தி தம் சொந்தப் பெயரையே சூட்டினார் என்பதைக் கவனிக்க வேண்டும். கோவிலில் பணி புரிந்த தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரும், எந்தத் தெருவில் எந்த வீட்டில் குடியிருந்தார்கள் என்பது உட்பட, பெயர் பெயராக அங்கே எழுதப்பட்டிருக்கிறார்கள்.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தச் சாசனங்கள் பெயர்களோடு நின்றுவிடவில்லை. ஒவ்வொருவருக்கும் எத்தனை பங்கு என்பதையும் சொல்லுகின்றன. ஒரு பங்குக்கு ஆண்டொன்றுக்கு நூறு கலம் நெல். பெயரும் படியும் ஒரே கல்லில், ஒரே உளியால், பக்கத்தில் பக்கத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. படியைக் கொடுக்காமல் பட்டத்தை மட்டும் கொடுத்திருந்தால் அது பரிகாசமாய் முடிந்திருக்கும். படியை அளந்துவிட்டுப் பெயரை மறந்திருந்தால், ஆயிரம் வருஷம் கழித்து இன்று நாம் குஞ்சரமல்லனைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

தூத்துக்குடி கேட்ட கேள்வி

கூலியும் மரியாதையும் இரண்டுமே மறுக்கப்பட்டால் என்ன நேரும் என்பதை நம் ஜில்லாவே தேசத்துக்குக் காட்டியிருக்கிறது. தாமிரவருணியின் நீர் வேகத்தை நம்பிப் பாபநாசத்தில் பஞ்சாலை ஏற்படுத்திய ஹார்வி கம்பெனியார் தூத்துக்குடியில் கோரல் ஆலையையும் நடத்தி வந்தார்கள். அந்தத் தூத்துக்குடி ஆலையின் தொழிலாளர்கள் 1908-ம் வருஷம் பிப்ரவரி 27-ம் தேதி வேலையை நிறுத்தினார்கள். அவர்களை அணி திரட்டியவர்கள் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும்.

தொழிலாளர்கள் கேட்டது என்ன? கூலி உயர்வு, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, அவசியமான சமயத்தில் விடுமுறை. ஊர் மக்கள் அவர்களுக்கு உணவும் உதவியும் கொடுத்துத் தாங்கினார்கள். மார்ச் மாதத்தின் தொடக்கத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலியும் உயர்ந்தது, ஓய்வும் கிடைத்தது. சில தினங்களுக்குள் தலைவர்கள் கைது செய்யப்பட்டதும், மார்ச் 13-ம் தேதி திருநெல்வேலி கொந்தளித்ததும் சரித்திரப் புஸ்தகங்களில் உள்ளவை.

அந்த ஆலையில் அப்போது “மாதத்தின் சிறந்த நூற்பாளர்” என்று ஒரு பதக்கம் கொடுத்திருந்தால் வேலை நிறுத்தம் நின்றிருக்குமா? நிச்சயமாக நின்றிராது. வாரம் ஏழு நாளும் நின்று கால் கடுத்தவனுக்குப் பதக்கத்தைக் குத்திக்கொள்ளச் சட்டையாவது வேண்டுமல்லவா? ஆகையால் முதல் பாடம் இதுதான்: நியாயமான கூலியும், ஓய்வும், பயமற்ற வேலையிடமும் இல்லாத இடத்தில் பாராட்டுக்கு வேலையே இல்லை. ஜாம்ஷெட்பூர் இரும்பாலையில் 1912-ல் எட்டு மணி நேர வேலையும், 1934-ல் லாபத்தில் பங்கும் ஏற்பட்டன. சட்டம் கட்டாயப்படுத்துவதற்கு முன்பே அவை நடந்தன. அத்தகைய அஸ்திவாரத்தின் மீது நின்று சொல்லும் “சபாஷ்” தான் காதில் ஏறும்.

ஓவனின் மரக்கட்டை

ஸ்காட்லாந்து தேசத்தில் நியூ லானார்க் என்ற ஊரில் ஒரு பஞ்சாலை. 1800-ம் வருஷத்தின் முதல் நாள் அதன் நிர்வாகத்தை ராபர்ட் ஓவன் என்பவர் ஏற்றுக்கொண்டார். தொழிலாளியை அடிப்பதும் ஏசுவதும் அக்காலத்தில் மேஸ்திரியின் அன்றாட வேலை. ஓவன் அதைத் தடுத்துவிட்டு வேறொரு வித்தை செய்தார். ஒவ்வொரு தொழிலாளியின் பக்கத்திலும் நான்கு பட்டையுள்ள ஒரு சிறு மரக்கட்டை தொங்கும். கறுப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை என்று பட்டைக்கு ஒரு வர்ணம். நேற்றைய வேலை மோசமானால் கறுப்புப் பக்கம் வெளியே தெரியும், சுமாரானால் நீலம், நன்றானால் மஞ்சள், மிக நன்றானால் வெள்ளை. ஓவன் ஆலைக்குள் நடந்து செல்லும்போது ஒரு வார்த்தை பேசமாட்டார். கட்டையைப் பார்ப்பார், ஆளைப் பார்ப்பார், போய்விடுவார். நாளடைவில் கறுப்பு குறைந்து மஞ்சளும் வெள்ளையும் பெருகின என்று அவரே எழுதி வைத்திருக்கிறார்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. மேஸ்திரி போட்ட வர்ணம் அநியாயம் என்று பட்டால், தொழிலாளி நேரே ஓவனிடம் சென்று முறையிடலாம். அந்த உரிமை இல்லாவிட்டால் மரக்கட்டை வெறும் உளவாளியாகிவிடும்.

ஓவனுக்கு எண்பது வருஷம் கழித்து, அதே ஸ்காட்லாந்தில் டென்னி என்ற கப்பல் கட்டும் கம்பெனியார் 1880-ல் இன்னொரு படி ஏறினார்கள். வேலையைச் சுலபமாக்கவோ மேன்மையாக்கவோ யோசனை சொல்லும் தொழிலாளிக்குப் பரிசு கொடுப்பதென்று தீர்மானித்தார்கள். அமெரிக்காவில் கோடக் கம்பெனியில் 1898-ல் ஒரு தொழிலாளி சொன்ன யோசனை மிகப் பிரசித்தம்: “ஜன்னல் கண்ணாடிகளைத் துடைத்தால் வேலை செய்யும் இடத்தில் வெளிச்சம் அதிகமாகும்.” இவ்வளவுதான்! அதற்கு இரண்டு டாலர் பரிசு கிடைத்தது. நம்மில் யாராவது முதலாளியாக இருந்திருந்தால், “இதைச் சொல்ல ஒரு ஆளா?” என்று கேட்டிருப்போம். அந்தக் கம்பெனியார் அப்படிக் கேட்கவில்லை. அழுக்குப் படிந்த கண்ணாடிக்குப் பக்கத்தில் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரிவது, மாடியில் இருக்கும் மானேஜருக்குத் தெரியாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

நம் இந்திய சர்க்காரும் 1965 முதல் இத்தகைய யோசனைகளுக்கென்றே விருது வழங்கத் தொடங்கியது. பிற்காலத்தில் அதற்கு விசுவகர்மாவின் பெயரைச் சூட்டினார்கள். 1985-ல் பிரதம மந்திரியின் “சிரம” விருதுகளும் ஏற்பட்டன.

திருக்குறுங்குடியிலிருந்து ஒரு பாதை

வள்ளியூரிலிருந்து ஏர்வாடி வழியாக மலையடிவாரத்தை நோக்கிப் போனால் திருக்குறுங்குடி வரும். நம்பி கோவிலுக்குப் பெயர் போன அந்த ஊரில் 1877-ல் பிறந்தவர் டி. வி. சுந்தரம் ஐயங்கார். 1911-ல் மதுரையில் தொழில் தொடங்கி, அடுத்த வருஷம் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே மோட்டார் பஸ் விட்டார். மாட்டு லாடத்தின் ஆணிகள் ரோட்டில் கிடந்து டயர்களைக் குத்தாமல் இருக்க, காந்தம் கட்டிய வண்டியை முன்னால் ஓட்டி அவற்றைப் பொறுக்கச் செய்தார் என்றும், அவருடைய பஸ் வருவதைப் பார்த்து ஜனங்கள் கடிகாரத்தைச் சரி செய்துகொள்வார்கள் என்றும் சொல்வார்கள். மதுரையில் டி. வி. எஸ். நகர் இன்றும் அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவருடைய வம்சத்தார் நடத்திய சுந்தரம் கிளேட்டன் கம்பெனி, சென்னைப் பாடியில் வண்டிகளுக்கு வேண்டிய பிரேக் சாமான்கள் செய்து வந்தது. 1998-ல் அந்தத் தொழிற்சாலைக்கு ஜப்பான் தேசத்தின் “டெமிங் பரிசு” கிடைத்தது. தொழிலில் தரத்துக்காக உலகத்தில் கொடுக்கப்படும் பரிசுகளில் இது மிகக் கடுமையானது. இந்தியக் கம்பெனி ஒன்று அதைப் பெற்றது அதுவே முதல் தடவை. 2002-ல் டி. வி. எஸ். மோட்டார் கம்பெனியும் இதைப் பெற்றது.

இந்தப் பரிசைப் பெற விரும்பும் தொழிற்சாலையில் மானேஜர் மட்டும் கெட்டிக்காரராக இருந்தால் போதாது. ஒரே பகுதியில் வேலை செய்யும் சிலர் சிறு குழுவாகக் கூடித் தங்கள் வேலையிலுள்ள குறையைத் தாங்களே கண்டுபிடித்து, கணக்கெடுத்து, காரணம் ஆராய்ந்து, திருத்தி, அதை மேலதிகாரிகள் முன் நின்று விளக்குவார்கள். ஜப்பானில் 1962-ல் பிறந்த இம்முறை, 1980-ல் ஹைதராபாத்தில் பாரத் ஹெவி எலெக்ட்ரிகல்ஸ் தொழிற்சாலை மூலமாக இந்தியாவுக்கு வந்தது. யந்திரத்தின் முன் எண்ணெய்க் கையோடு நிற்கும் ஒருவர், தம் பெயரைச் சொல்லி, “நாங்கள் இதைக் கண்டுபிடித்தோம்” என்று டைரக்டர்களுக்குப் பாடம் சொல்லுகிறார். டைரக்டர்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள். ஆயிரம் கேடயங்களைவிட அந்தக் கால் மணி நேரம் பெரிய கௌரவம் என்பது என் அபிப்பிராயம்.

டெமிங்கின் சிவப்பு மணிகள்

இனிமேல்தான் வேடிக்கை. யாருடைய பெயரால் அந்தப் பரிசு வழங்கப்படுகிறதோ, அந்த டெமிங் என்னும் அமெரிக்கப் பேராசிரியர், தொழிலாளர்களுக்கு மார்க்குப் போட்டு வரிசைப்படுத்திப் பரிசு கொடுப்பதை ஜன்ம விரோதமாகக் கருதியவர்! ஏன் என்று தெரிந்துகொள்ள அவர் தம் வகுப்புகளில் ஆடிக் காட்டிய ஒரு விளையாட்டைப் பார்க்க வேண்டும்.

ஒரு பெட்டி நிறைய 4,000 மணிகள். அவற்றில் 3,200 வெள்ளை, 800 சிவப்பு. ஐம்பது குழிகள் உள்ள ஒரு பலகையைப் பெட்டிக்குள் அமுக்கி எடுத்தால் குழிக்கு ஒன்றாக ஐம்பது மணிகள் வரும். சபையிலிருந்து ஆறு பேரை அழைத்து, “நீங்கள் தொழிலாளிகள். வெள்ளை மணிதான் நமக்கு வேண்டும், சிவப்பு வரக்கூடாது. ஜாக்கிரதை!” என்பார் டெமிங். ஒருவர் எடுக்கிறார்: சிவப்பு ஒன்பது. அடுத்தவர்: பதினாலு. மூன்றாமவர்: ஐந்து. உடனே மேஸ்திரியாக நடிக்கும் டெமிங், ஐந்து எடுத்தவரை வானளாவப் புகழ்ந்து சம்பளத்தை உயர்த்துவார். பதினாலு எடுத்தவரை எச்சரிப்பார். மறுமுறை பலகையை அமுக்கும்போது, புகழப்பட்டவருக்குப் பன்னிரண்டு வரும். ஏசப்பட்டவருக்கு எட்டு வரும். “பார்த்தீர்களா? புகழ்ந்தால் தலைக்கனம் வருகிறது. ஏசினால் வேலை நடக்கிறது!” என்று மேஸ்திரி சந்தோஷப்படுவார். சபை சிரிக்கும்.

உண்மையில் ஆறு பேரும் செய்தது ஒரே வேலை. பெட்டிக்குள் ஐந்தில் ஒரு பங்கு சிவப்பு மணி கிடக்கும்போது, யார் அமுக்கினாலும் சுமார் பத்து வரத்தான் செய்யும். குறைவதும் கூடுவதும் தற்செயல். சிவப்பைக் குறைக்க வேண்டுமானால் பெட்டியைத் திருத்த வேண்டும். பெட்டியைத் திருத்தும் அதிகாரம் தொழிலாளிக்கு இல்லை, முதலாளிக்கே உண்டு. தொழிற்சாலைகளில் நேரும் குறைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை அமைப்பின் குறைகளே என்பது டெமிங்கின் முடிவு.

இதை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். டீஸலை மிச்சப்படுத்தும் டிரைவருக்குப் பரிசு என்று ஒரு டிப்போவில் அறிவிப்பதாக வைத்துக்கொள்வோம். வள்ளியூரிலிருந்து நான்கு வழிச் சாலையில் நாகர்கோவிலுக்குப் புது பஸ் ஓட்டுகிறவர் ஒருவர். பாபநாசத்திலிருந்து காரையாறு அணைக்கு மலை ஏறும் பழைய பஸ்ஸை ஓட்டுகிறவர் மற்றொருவர். பரிசு யாருக்குப் போகும் என்று சொல்லவும் வேண்டுமா? மலைப் பாதையில் ஐம்பது உயிர்களைப் பத்திரமாக இறக்கியவர், மாலை மரியாதை நடக்கும் கூட்டத்தில் பின் வரிசையில் நின்று கை தட்டுவார். அன்று அவருடைய மனத்தில் எழும் எண்ணம் ஸ்தாபனத்துக்கு நன்மை தருவதாக இருக்காது.

நூற்றிரண்டு டன் நிலக்கரி

பரிசும் விளம்பரமும் அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்கு ருஷ்ய தேசத்தில் ஒரு பெரிய உதாரணம் உண்டு. 1935-ம் வருஷம் ஆகஸ்டு மாதக் கடைசியில் ஸ்டகானவ் என்ற சுரங்கத் தொழிலாளி ஒரே முறையில் 102 டன் நிலக்கரி வெட்டினார். நியமிக்கப்பட்ட அளவைப்போல் அது பதினாலு மடங்கு. தேசமெங்கும் அவர் பெயர் முழங்கிற்று. அமெரிக்கப் பத்திரிகையின் அட்டையிலே கூட அவர் படம் வந்தது. ஆனால் அன்றிரவு அவர் வெட்ட வெட்டப் பின்னாலேயே மரத்தூண் நிறுத்திச் சுரங்கம் இடியாமல் காத்த இருவருடைய பெயர்கள் அந்த முழக்கத்தில் அமுங்கிப் போயின. அடுத்த வருஷம், “ஒருவனால் முடியுமானால் எல்லோராலும் முடியும்” என்ற நியாயத்தில், சாதாரணத் தொழிலாளிகள் எல்லோருக்கும் வேலையின் அளவு உயர்த்தப்பட்டது. சக தொழிலாளிகள் இத்தகைய வீரர்களை எப்படி நேசித்திருப்பார்கள் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

குழந்தைகளைப் பற்றிய ஒரு பரிசோதனையும் இங்கே சொல்லத் தக்கது. பள்ளி ஆசிரியன் என்ற முறையில் இது என்னை மிகவும் சிந்திக்கச் செய்தது. 1973-ல் வெளியான இந்த ஆராய்ச்சியில், வர்ணப் பேனாக்களால் படம் வரைவதில் இயல்பாகவே பிரியமுள்ள சிறு குழந்தைகளை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். முதல் பிரிவிடம், “வரைந்தால் பொன் நட்சத்திரமும் நாடாவும் வைத்த நற்சாட்சிப் பத்திரம் தருவோம்” என்று முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாம் பிரிவுக்கு ஒன்றும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே பத்திரத்தைக் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவுக்கு ஒன்றுமில்லை. சில நாட்கள் கழித்துப் பேனாக்களைச் சும்மா மேஜை மீது வைத்துவிட்டுப் பார்த்தபோது, பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்களில் பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்ற குழந்தைகளின் ஆசை சிறிதும் குறையவில்லை.

பரிசை முன்னால் தொங்கவிட்டால் வேலை பரிசுக்கு விலையாகிவிடுகிறது. வேலை முடிந்த பின் மனமுவந்து சொல்லும் சொல்லுக்கு அந்தத் தோஷம் இல்லை. ஹெர்ஸ்பர்க் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் சுமார் இருநூறு எஞ்சினீயர்களையும் கணக்கர்களையும் விசாரித்து 1959-ல் வெளியிட்ட நூலும் இதற்கு அநுகூலமாகவே பேசுகிறது. வேலையில் மகிழ்ச்சி எதனால் உண்டாயிற்று என்று கேட்டபோது, “ஒரு காரியத்தைச் சாதித்தேன்”, “அதை மற்றவர் உணர்ந்தார்கள்” என்பவை முதல் இரண்டு இடங்களில் வந்தன. ஆனால் பாராட்டின் சந்தோஷம் சீக்கிரம் கரைந்துவிடுகிறது என்றும், பொறுப்பும் உயர்வும் தரும் சந்தோஷமே நெடுநாள் நிற்கிறது என்றும் அவர் கண்டார். நன்றாகச் செய்கிறவனுக்கு இன்னும் சற்றுப் பெரிய காரியத்தை நம்பிக் கொடுப்பதே அவனுக்குச் செய்யும் சிறந்த மரியாதை என்று இதிலிருந்து ஏற்படுகிறது.

மகேந்திரகிரியின் நிழலில்

எங்கள் ஊரிலிருந்து தென்மேற்கே நிமிர்ந்து பார்த்தால் மகேந்திரகிரி தெரியும். அதன் அடிவாரத்தில், காவல்கிணற்றை ஒட்டி, நம் தேசத்து ராக்கெட்டுகளின் திரவ எஞ்சின்களைச் சோதிக்கும் நிலையம் இருக்கிறது. ராக்கெட் விண்ணில் ஏறும்போது டெலிவிஷனில் தெரிபவர் சிலர். எஞ்சினின் ஒவ்வொரு திருகையும் பார்த்துப் பார்த்து முடுக்கியவர்கள் ஆயிரக் கணக்கானோர். அப்படிப்பட்ட ஸ்தாபனத்தில் தலைவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு அப்துல் கலாம் அவர்கள் பல மேடைகளில் சொன்ன சம்பவமே போதுமான சாட்சி.

1979-ம் வருஷம் ஆகஸ்டு 10-ம் தேதி, கலாம் திட்டத் தலைவராக இருந்து ஏவிய எஸ். எல். வி.-3 ராக்கெட் வங்காளக் கடலில் விழுந்தது. பத்திரிகைக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். விண்வெளி ஸ்தாபனத்தின் தலைவர் சதீஷ் தவான் தாமே அவர்கள் முன் சென்று, தோல்விக்குப் பொறுப்பைத் தம்மேல் போட்டுக்கொண்டு, தம் குழுவினர் மீது தமக்குள்ள நம்பிக்கையையும் தெரிவித்தார். அடுத்த வருஷம் ஜூலை 18-ம் தேதி அதே ராக்கெட் ரோஹிணியை விண்ணில் நிறுத்தியது. அன்றும் பத்திரிகைக்காரர்கள் காத்திருந்தார்கள். தவான் கலாமைக் கூப்பிட்டு, “நீங்கள் போய்ப் பேசுங்கள்” என்று அனுப்பிவிட்டார்.

அங்கே பதக்கமும் இல்லை, பணமுடிப்பும் இல்லை. ஆயினும் கலாம் தம் ஆயுள் முழுவதும் அதை மறக்கவில்லை. பழி வரும் நாளில் முன்னால் நிற்பதும், புகழ் வரும் நாளில் பின்னால் நகர்ந்துகொள்வதும், பாராட்டும் கலையின் உச்சி. இவ்வித்தையைக் கற்ற மேலதிகாரிகளுக்குக் கீழே வேலை செய்வதற்கு மனிதர்கள் தவம் கிடப்பார்கள்.

மரியாதையில் விளையும் சண்டை

இதற்கு நேர் மாறானதையும் நாம் அறிவோம். கோவிலில் பரிவட்டம் முதலில் யாருக்கு, தீர்த்தம் முதலில் யாருக்கு என்று கிளம்பிய விவகாரங்கள் எத்தனை! மாமன் மச்சான்கள் பேச்சு வார்த்தை நின்று, கோர்ட்டுப் படியேறி, தேர் ஓடாமல் நின்றதெல்லாம் தமிழ் நாட்டில் உண்டு. கௌரவம் என்பது கூர்மையான கத்தி. யாருக்கு, எதற்காக, யார் தீர்மானித்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் எல்லோரும் ஒப்பும் பதில் இல்லாமல் அதைக் கையில் எடுத்தால், கொடுப்பவனையே அது கிழித்துவிடும்.

பல கம்பெனிகளில் நடக்கும் “மாதத்தின் சிறந்த ஊழியர்” வைபவம் சீக்கிரத்தில் இரண்டில் ஒரு கதியை அடைகிறது. ஒன்று, மேஸ்திரிக்குச் சலாம் போடுகிறவருக்கே மாதா மாதம் கிடைக்கிறது. அல்லது, மனஸ்தாபத்துக்குப் பயந்து ஜனவரிக்கு ஒருவர், பிப்ரவரிக்கு ஒருவர் என்று முறை வைத்துப் பங்கிடுகிறார்கள். முன்னது பொறாமையை வளர்க்கிறது; பின்னது கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையாகி விடுகிறது.

ஜவுளிக் கடை ஒன்றில் நான் கண்டதைச் சொல்கிறேன். எந்த ஊர், எந்தக் கடை என்பது வேண்டாம். சுவரில் சிறந்த விற்பனைப் பெண்ணின் படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருந்தது. படத்திலிருந்த அதே பெண் கீழே நின்று புடவைகளை விரித்துக்கொண்டிருந்தாள். மாலை ஆறு மணி. காலை முதல் உட்காரவில்லை என்பது அவள் ஒரு காலை மாற்றி மறு காலில் நின்ற விதத்திலேயே தெரிந்தது. உட்கார அங்கே ஆசனமே இல்லை. கடை ஊழியர்களுக்கு ஆசனம் அளிக்க வேண்டும் என்று தமிழ் நாட்டுச் சட்டசபை 2021-ல் சட்டமே இயற்றியிருக்கிறது. கேரளம் 2018-லேயே செய்தது. அந்தப் பெண்ணுக்குப் படத்தைவிட ஒரு முக்காலி பெரிய பாராட்டாக இருந்திருக்கும்.

நாம் செய்யக் கூடியவை

மேலே கண்டவற்றிலிருந்து, கடைக்காரர், தொழிற்சாலை நடத்துவோர், காரியாலயத் தலைவர், தலைமை ஆசிரியர் ஆகிய எல்லோரும் கைக்கொள்ளத் தக்க சில யோசனைகளைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, கடனைத் தீர்த்துவிட்டுத் தானம் செய்யவேண்டும். கூலி, ஓய்வு, ஆசனம், குடி தண்ணீர், கக்கூஸ் இவை கடன். பாராட்டு அதற்கு மேற்பட்டது. சம்பளத்தைப் பத்து நாள் தாமதப்படுத்திவிட்டுச் சால்வை போர்த்தக் கூடாது.

இரண்டாவது, குறிப்பிட்டுச் சொல்லவேண்டும். “நீ நல்ல பையன்” என்பது காற்றில் போகும். “நேற்று நாலாம் நம்பர் பில்லில் இருந்த பிசகை நீ கண்டுபிடித்ததால் நமக்கு ஒரு வாடிக்கைக்காரர் மிஞ்சினார்” என்பது மனத்தில் நிற்கும். மாணவனின் நோட்டுப் புத்தகத்தில் “நன்று” என்று மட்டும் எழுதுவதற்கும், எந்த வரி நன்று என்று அடிக்கோடிடுவதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒவ்வொரு ஆசிரியரும் அறிவார்.

மூன்றாவது, சுடச்சுடச் சொல்லவேண்டும். சித்திரையில் செய்த வேலைக்குத் தை மாதத்தில் கேடயம் கொடுத்தால், வாங்குகிறவருக்கே காரணம் ஞாபகம் இராது.

நான்காவது, கண்ணுக்குத் தெரியாத வேலையைத் தேடிப் போகவேண்டும். விற்றவனைக் கடை முழுவதும் பார்க்கிறது. கிட்டங்கியில் மூட்டை அடுக்கியவனை யார் பார்க்கிறார்கள்? விபத்து நேராமல் தடுத்தவனின் வேலைக்கு அடையாளமே கிடையாது. ஸ்டகானவுக்குப் பின்னால் தூண் நிறுத்தியவர்களை முதலாளி மறந்துவிடக் கூடாது.

ஐந்தாவது, கூட்டாகச் செய்த காரியத்துக்குக் கூட்டாகவே மரியாதை செய்யவேண்டும். ஒருவனை மேடையேற்றி ஒன்பது பேரைக் கீழே நிறுத்துவதில் நஷ்டமே அதிகம்.

ஆறாவது, யோசனை கேட்டால் பதில் சொல்லவேண்டும். சுவரில் யோசனைப் பெட்டி மாட்டிவிட்டு அதன் சாவியைத் தொலைத்துவிடுகிறவர்கள், பெட்டியே மாட்டாதவர்களைவிட மோசம். யோசனை ஏற்கத் தக்கதல்ல என்றால், ஏன் என்று சொன்னவரிடம் நேரில் சொல்வதும் ஒரு மரியாதைதான்.

இவை பெரிய ஸ்தாபனங்களுக்கு மட்டும் உரியவை அல்ல. நம் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அம்மாளின் பெயர் நமக்குத் தெரியும். அவளுடைய குழந்தைகளின் பெயர் தெரியுமா? தீபாவளிக்குப் புடவை கொடுக்கிறோம். “நீ ஊருக்குப் போயிருந்த நாலு நாளும் வீடு வீடாக இல்லை, அம்மா” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறோமா? தபால்காரர், பஸ் கண்டக்டர், தெருக் கூட்டுகிறவர், பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கும் பியூன் ஆகிய இவர்கள் ஒரு நாள் வராவிட்டால்தான் நமக்கு இவர்களுடைய ஞாபகம் வருகிறது.

என் நண்பர் அண்ணாச்சியின் பயத்துக்கும் பதில் சொல்லவேண்டும் அல்லவா? புகழ்ந்தால் சம்பளம் கூட்டிக் கேட்பான் என்கிறார். கேட்கட்டுமே! ஒரு காசு பிசகாமல் பல வருஷம் கணக்கெழுதியவன் கேட்பதற்கு உரிமையுள்ளவன்தான். அவன் கேளாமல் இருப்பதற்காகப் புகழாமல் இருப்பது, விளைச்சல் வந்தால் வாரம் அளக்க நேருமே என்று பயந்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சாமல் இருப்பதைப் போன்றது. தாமிரவருணிக் கரையில் யாரும் அப்படி விவசாயம் செய்ததில்லை.